கொக்கியில் மாட்டிய அட்டை

இறந்தவர்களைத் தொடுகிற வேலை பெரியவளுக்கு, அவர்களுடைய வீட்டாரிடம் பேசுகிற வேலை சின்னவளுக்கு என்று அந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் மூன்று வருடமாக நடந்துவந்தது. இருவரும் அக்கா தங்கை. ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போன பிறகு சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டதும், பிற்பாடு அவள் புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது கதவைத் திறந்ததும் பெரியவள்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"உடம்பு நோகாத வேலைடி. ஃபேனுக்குக் கீழே உக்காந்து ஃபோன் பேசணும், ஃபாரம் எழுதணும், அவ்வளவுதான். அந்தப் பக்கமே நீ வரவேண்டாம்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள்.

அந்தப் பக்கம் என்றால் உள்ரூம். சுவர் முழுக்க வெள்ளை ஓடு. நடுவில், ஓரங்களில் வாய்க்கால் வைத்த ஸ்டீல் மேசை. மூலையில் பம்ப் மெஷின். அலமாரியில் ஃபார்மலின் கலந்த இளஞ்சிவப்பு மருந்துப் பாட்டில்கள். தூரத்திலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை உடல் கெடாமல் இருக்க வேண்டுமானால், அந்த மருந்தைக் கழுத்து இரத்தக் குழாய் வழியாக உள்ளே ஏற்ற வேண்டும். பதினெட்டு வருடமாகப் பெரியவள் அதைச் செய்துவந்தாள். கை சுத்தம், அவசரம் கிடையாது. வாயைத் தைத்து மூடும்போது மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு. உதடு சிரிக்கிற மாதிரி வந்துவிடக் கூடாது. "செத்துப் போனதுல அவருக்கு என்ன சந்தோஷம்? சும்மா மூடியிருந்தாப் போதும்" என்பாள்.

சவ வண்டி ஓட்டுகிறவர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். "டாக்டரம்மாகிட்ட வந்த பேஷண்டுல ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்று புதிதாக யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவார். பெரியவள் சிரிக்க மாட்டாள். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட நாளில், "என்ன, இன்னைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள்.

உள்ரூம் கதவின் உள்பக்கம் விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தது. கையுறை, கண்ணாடி, மாஸ்க். வேலை தொடங்கப் பத்து நிமிடம் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேன். பாட்டிலைத் திறந்து வைக்காதே, சிந்தினால் உடனே துடை. அவள் பெரும்பாலும் கடைப்பிடித்தாள். மாஸ்க்கை மட்டும், முகத்துக்கு வந்ததும் கழற்றிவிடுவாள். தன் முகத்தை மூடிக்கொண்டு இன்னொருவர் முகத்தைத் தொடுவது திருட்டு மாதிரி இருக்கிறது என்பது அவள் சொன்ன காரணம். முதல் வருடம் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. இரண்டாம் வருடம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நாம் சொல்கிற பலவற்றில், தெரியாமல் போய்விட்டது என்பதுதான் உண்மை. அவள் மூக்குக்கு இப்போது வெங்காயம் கருகுவதுகூடத் தாமதமாகத்தான் எட்டியது.

ஆபீஸ் அறை, முன்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் உள்ரூமிலிருந்து இருபது அடி. ஒரு மேசை, இரண்டு ஃபோன், ஃபைல் அலமாரி, பின்சுவரில் ஒரு ஜன்னல். சின்னவளுக்கு அந்த அறை ரொம்பப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அவளுக்கென்று கதவு வைத்த அறை அதுதான் முதல் தடவை. வந்த மூன்று நான்கு மாதத்தில் அவளுக்குக் கண் சிவக்க ஆரம்பித்தது. எதிரே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற வீட்டார், இந்தப் பெண்ணின் கண்ணும் நிறைந்திருப்பதைப் பார்த்தார்கள். நன்றிக் கடிதங்கள் வந்தன. எங்களோடு சேர்ந்து அழுத அந்தப் பெண்ணை மறக்க மாட்டோம் என்று ஒருவர் எழுதியதை முதலாளி கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டினார்.

"மத்த இடத்துல பெட்டி விக்கறாங்க. நம்ம இடத்துல பொண்ணு கூட உக்காந்து அழுவுது. அது மனசுய்யா, சொல்லிக் குடுத்து வராது" என்பார்.

"மனசாவது? கண்ணுல குழாய் வச்சிருக்கு இந்தப் பொண்ணு" என்பார் வண்டிக்காரர்.

சின்னவளே அதைப் பாதி நம்பினாள். தனக்கு இளகின மனசு, இந்த வேலை தாங்கவில்லை, போகப்போகச் சரியாகிவிடும். இரண்டாம் வருடம் இருமல் சேர்ந்தது. மூன்றாம் வருடம் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சு டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்து, வீட்டில் தூசியா, திரைச்சீலையா, பிராணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். திரைச்சீலைகளைக் கழற்றினாள். மெத்தையை மாற்றினாள். ஏழு வருடம் வளர்த்த பூனையை இரண்டு தெரு தள்ளி ஒரு தையற்காரி வீட்டில் விட்டுவிட்டு வந்து, அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. இருமல் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொழில் பாதுகாப்பு ஆய்வாளரிடமிருந்து கடிதம் வந்தது. உள்ரூமில் வேலை செய்பவர் சுவாசிக்கிற காற்றை ஒரு நாள் அளப்பார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை அட்டையைக் கழுத்துப் பட்டைக்குப் பக்கத்தில் குத்தி விடுவார்கள். காற்றில் இருக்கிற ஃபார்மலின் ஆவி அதில் தங்கும். மாலையில் அதை மூடி முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். அடுத்த தெருவில் இதே தொழில் செய்த ஒருவருக்கு எண் கூடுதலாக வந்து நான்கு மாதம் கதவு சாத்திக் கிடந்தது. முதலாளி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெரியவளைக் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. சட்டம் சட்டம்தான். ஆனா நாள் பூரா அதைக் குத்திக்கிட்டே வேலை செஞ்சா மருந்து தெறிச்சு அட்டை கெட்டுப்போயிடும், இல்லையா?"

"தெறிக்கலாம் சார்."

"அதான். எங்கேயாவது சுத்தமான இடமாப் பாத்துப் பத்திரமா மாட்டி வை. நம்ம ஆபீஸ் ரூம் மாதிரி."

அவளுக்குப் புரிந்தது. அவர் மிரட்டவில்லை, அவளும் மறுக்கவில்லை. உள்ரூம் மூடினால் தனக்கும் வேலை இல்லை, தங்கைக்கும் இல்லை என்று நினைத்தாள். உண்மைதான். அந்த எண் தன் நெஞ்சைப் பற்றியது என்கிற நினைப்பும் அவளுக்கு வரவில்லை. எண் ஆய்வாளருடையது, பயம் முதலாளியுடையது, தனக்கு அதில் இருப்பது ஓர் அட்டையை மாட்டி வைக்கிற வேலை மட்டும் என்று எடுத்துக்கொண்டாள்.

குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஜலதோஷம் பிடித்த, நடுவயது மனிதர். அட்டையைப் பிரித்துக் குத்திவிட்டு, "சாப்பிடப் போகும்போதுகூடக் கழட்டாதீங்க" என்றார். அவர் வண்டி முனை திரும்பியதும் பெரியவள் ஆபீஸ் அறைக்குப் போய், தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் குடை தொங்குகிற கொக்கியில் அதை மாட்டினாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. ஐடி கார்டு மாதிரி. தொடாதே."

"உள்ள போட்டா அழுக்காயிடும்னு இங்க மாட்டறியா?"

"ஆமா."

அன்று மூன்று உடல்கள். ஒன்று பிரேதப் பரிசோதனை முடிந்து வந்தது. அதற்கு மருந்து இரண்டு மடங்கு போகும், ஆவியும் அப்படித்தான். விதியை மீறின குறை கொஞ்சமாவது தீரட்டும் என்று பெரியவள் எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. நாலு மணிக்கு எல்லாம் முடிந்து தரையைக் கழுவுகிற நேரத்தில் போய் அட்டையை எடுத்துக் குத்திக்கொண்டாள். வெறும் சைபர் வந்தாலும் சந்தேகம் வரும் அல்லவா. நாலரைக்கு ஆய்வாளர் வந்து மூடி முத்திரை வைத்தார். "தலைவலி, கண் எரிச்சல் ஏதாவது?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாள். அதுவும் பொய் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தாளோடு வந்தார். அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு.

முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆய்வாளருக்கே குழப்பமாக இருந்தது. உள்ரூமில் நின்று ஃபேனைப் போட்டு, ஒரு தாளை அதன் முன்னால் பிடித்துப் பார்த்தார். தாள் ஒட்டிக்கொண்டது. "நல்லாத்தான் இழுக்குது. இருந்தும் பத்தலன்னா, வேற வழி இல்ல. இதைப் போல ரெண்டு மடங்கு இழுக்கற ஃபேன் போடுங்க. அதுவரைக்கும் ரூமைத் திறக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை புது ஃபேன் பொருத்த ஆள் வருவதாக ஏற்பாடாயிற்று.

"எங்கம்மா மாட்டினே அதை?" என்றார் முதலாளி, கதவைச் சாத்திவிட்டு.

"நீங்க சொன்ன இடத்துலதான் சார்."

"அப்புறம் எப்படி?"

அவளுக்கும் தெரியவில்லை. கடைசி அரைமணி நேரத்தில் அவ்வளவு ஏறியிருக்குமா? தரையைத்தானே கழுவினாள். மறுநாள் உள்ரூமில் வேலை இல்லாததால் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தாள். சின்னவள் ஒரு வீட்டாருக்குப் பெட்டிகளைக் காட்டக் கூடத்துக்குப் போனபோது, பெரியவள் ஆபீஸ் அறைக்குள் வந்து அந்தக் கொக்கியைப் பார்த்தாள். கொக்கி, குடை, பை. பக்கத்தில் ஜன்னல், வழக்கம்போல முழுக்கத் திறந்து. அதன் வழியே தலையை நீட்டினாள்.

அவள் இதற்கு முன் அந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்ததே இல்லை. பார்க்க அங்கே எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவில் இரண்டு முழம் அகலச் சந்து, மேலே ஒரு கீற்று வானம். முன்பக்கமாகச் சுற்றி நடந்தே பழகியவளுக்கு இரண்டு அறைகளும் எங்கோ தள்ளி இருப்பதாகத்தான் எண்ணம். பின்பக்கத்தில் அவை தோளோடு தோள் ஒட்டி நின்றன. உள்ரூம் ஃபேனின் தகரவாய், ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, இந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

பஞ்சுச் சுருளிலிருந்து ஒரு இழை கிள்ளிக்கொண்டு வந்தாள். வண்டிக்காரரிடம், "உள்ரூம் ஃபேனை நான் சொல்லும்போது போடுங்க, சொல்லும்போது நிறுத்துங்க" என்றாள்.

"என்ன டாக்டரம்மா, பட்டம் விடப் போறீங்களா?"

ஜன்னல் சட்டத்தில் பஞ்சிழையைப் பிடித்தாள். ஃபேன் நின்றிருந்தபோது இழை நேராகத் தொங்கியது. ஃபேன் ஓடியதும் அறைக்குள்ளே பறந்து, தங்கையின் நாற்காலியை நோக்கி நீண்டு நின்றது. நிறுத்தச் சொன்னாள். தொங்கியது. போடச் சொன்னாள். மறுபடி அதே திசை. நான்காவது தடவை வண்டிக்காரர் கேலி செய்யவில்லை. வந்து வாசலில் நின்று பார்த்தார். "ஐயையோ" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வருடமாக உள்ரூமை அவள் எவ்வளவு ஒழுங்காகச் சுத்தம் செய்தாளோ, அவ்வளவும் இந்த ஜன்னல் வழியே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. திங்கட்கிழமை வருகிற ஃபேன் இதைப் போல இரண்டு மடங்கு தள்ளும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப்போய் அவரே ஜன்னலைப் போய்ச் சாத்தினார். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தபோது வேறு யோசனையில் இருந்தார்.

"உன் தங்கச்சி மேசையைக் கூடத்துக்கு மாத்திடலாம். ஃபேன் குழாயைப் பிறகு பாத்துக்கலாம்."

"ஃபேன் வாயை மொட்டைமாடிக்குத் தூக்கணும் சார். புது ஃபேன் போடறதுக்கு முன்னாடி."

"தூக்கணும்னா பக்கத்துக் கட்டடத்துக்காரன் சம்மதிக்கணும், ஆய்வாளர் கையெழுத்துப் போடணும். காரணம் கேப்பாங்களே. என்னன்னு எழுதறது? உள்ரூம்ல மூணு மடங்குன்னு அவர் எழுதியிருக்கார். அது உள்ரூம்ல இல்ல, இங்கதான்னு நாம எப்படிக் கண்டுபிடிச்சோம்?"

அவள் கையிலிருந்த பஞ்சிழையை விரலில் சுற்றினாள்.

"அட்டையைக் கழட்டி வச்சது தெரிஞ்சா உன் அனுமதிச் சீட்டு போயிடும்மா. என் உரிமமும் சேந்து போயிடும். வாயைத் திறக்காதே. தங்கச்சியை மட்டும் இடம் மாத்து."

இடம் மாற்றச் சொன்னபோது சின்னவள் கேட்கவில்லை. "கூடத்துலயா? அழறவங்க நடுவுல உக்காந்து நான் ஃபோன்ல பெட்டி அளவு சொல்லணுமா? ஏன், இந்த ரூமுக்கு என்ன கேடு?" என்றாள். "ஜன்னலை வேற சாத்தி வச்சிருக்கீங்க. ஏற்கெனவே மூச்சு முட்டுது எனக்கு." எழுந்து போய்த் திறந்தாள். பெரியவள் சாத்தினாள். "சந்துல எலி செத்துக் கிடக்கு" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் எலி எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவளே அப்புறம் நினைத்துப் பார்த்திருப்பாள்.

சனிக்கிழமை நெஞ்சு டாக்டரிடம் இருவரும் போனார்கள். மூச்சை ஊதவைத்து எடுத்த படத்தைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். போன தடவையைவிடக் குறைவு.

"பூனையைக் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு சார்."

"வேலை செய்யற இடத்துல புகை, கெமிக்கல் எதாவது?"

"இல்ல சார். நான் ஆபீஸ்ல பேப்பர் வேலை. கெமிக்கல் எல்லாம் இவங்க பக்கம்." சின்னவள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "அவங்களுக்கு ஒரு தும்மல்கூட வராது. நல்ல கட்டை."

டாக்டர் பெரியவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து மூடினாள். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். அனுமதிச் சீட்டு, முதலாளி, வீட்டு வாடகை எல்லாம் கண்முன் வந்தன என்று பிற்பாடு ஆய்வாளரிடம் சொன்னாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. டாக்டர் வீரியம் கூடிய மாத்திரை எழுதினார். அது எலும்பை அரிக்கும், முகம் ஊதும், ஆனாலும் வேறு வழியில்லை என்றார். இரண்டு வாரத்தில் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

படியில் இறங்கும்போது சின்னவள் மூன்று தடவை நின்றாள். மருந்துச் சீட்டு பெரியவள் கையில் இருந்தது. மருந்துக் கடை வரைக்கும் போய், கடைக்காரர் கையை நீட்டிய பிறகும் அவள் சீட்டைக் கொடுக்கவில்லை. "திங்கக்கிழமை வாங்கிக்கலாம்" என்றாள்.

"ஏன்க்கா?"

"சொல்றேன்."

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் ஆய்வாளர் அலுவலகத்தில், இன்னும் பெருக்கி முடிக்காத நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். தங்கையிடம் சொல்வதைவிட முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அதைத் துணிச்சலோடு சேர்க்க முடியாது. ஆனால் வந்தாள்.

ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார். கடைசிவரை குறுக்கிடவில்லை.

"இதை நான் கேக்காத மாதிரி இருக்க முடியாதும்மா. எழுதணும். எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"தெரியும் சார். புது ஃபேன்காரன் பதினொரு மணிக்கு வர்றான். அதுக்கு முன்னாடி நீங்க அந்த ரூமை வந்து பாக்கணும். அது போதும்."

"எத்தனை நேரம் அங்க மாட்டியிருந்தீங்க?"

"ஏழு மணி நேரம்."

"சரியா எந்த இடம்?"

"தங்கச்சி தலைக்குப் பின்னாடி, ஒரு முழம்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"பத்து மணிக்கு வர்றேன். நான் போய் அளக்க ஆரம்பிச்சா அவங்க கேப்பாங்க. அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. நான் சொல்ற மாதிரி வச்சுக்காதீங்க."

சின்னவள் மேசையில் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிர் நாற்காலியில், சாவு விழுந்த வீட்டார் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து சொன்னாள். பஞ்சிழையிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போனாள். ஃபோன் இரண்டு தடவை அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"என் பின்னாடி மாட்டினியே, அதுவா?"

"ஆமா."

"ஏன் இங்க?"

"இதுதான் சுத்தமான ரூம்னு நினைச்சேன்."

சின்னவள் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அடங்க ஒரு நிமிடம் ஆனது. பெரியவள் தண்ணீரை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"எனக்கு நாத்தம் தெரிஞ்சுதுக்கா. மூணு வருஷமாத் தெரிஞ்சுது. உன் மேல வர்றதுன்னு நினைச்சேன். வீட்டுலயும் உன் துணியில அதே வாசனைதானே. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு வாயைத் திறக்கல. நீ இங்க வந்துட்டுப் போனா, போனதுக்கப்புறம் ஜன்னலை நல்லாத் திறந்து வைப்பேன்."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

சின்னவள் விரலை மடக்கி எண்ணினாள். "டாக்டர்கிட்டப் போனது சனிக்கிழமை." அவள் குரல் உயரவில்லை. "அவர் கேட்டப்ப நீ என் பக்கத்துலதான் உக்காந்திருந்தே. நான் உன்னைக் காட்டிச் சிரிச்சேன்."

"சின்னது…"

"அப்படிக் கூப்பிடாதே இப்ப."

வாசலில் ஆய்வாளர் தும்முகிற சத்தம் கேட்டது. சின்னவள் பையையும் குடையையும் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி வெளியே போய், வெயிலில் வண்டிப் படியில் உட்கார்ந்தாள். வண்டிக்காரர் எதுவும் கேட்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

உள்ரூமில் மருந்தைத் திறந்து வைத்து, ஃபேனை ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து ஆபீஸ் அறையில் அளந்த எண் அட்டையில் வந்ததற்குப் பக்கத்திலேயே இருந்தது. புது ஃபேன் பெட்டி பிரிக்காமல் திரும்பிப் போனது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டதால் பக்கத்துக் கட்டடத்துக்காரரும் சம்மதித்தார். மூன்று வாரத்தில் தகரக் குழாய் மொட்டைமாடிக்கு மேல் ஆள் உயரம் ஏறியது. ஜன்னலை அடைத்து, எதிர்ச்சுவரில் வேறு திறந்தார்கள். முதலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெரியவளின் அனுமதிச் சீட்டை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். "உன்னைத் திட்டணும்னு வாய் வருதும்மா. திட்ட எனக்கு யோக்கியதை இல்ல" என்று முதலாளி சொன்னார். ஒரு துணிக்கடையில் மடித்து அடுக்குகிற வேலை அவளுக்குக் கிடைத்தது.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. சின்னவள் பேசாமல் இல்லை. "தண்ணி நின்னுடப் போகுது", "சாவி எங்கே", "உப்புக் கம்மி" என்கிற அளவுக்குப் பேசினாள். டாக்டர் வேலையிடத்து விவரத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டைத் தானே கிழித்தார். அறை சரியான பிறகு சின்னவள் அதே வேலைக்குத் திரும்பப் போவதாகச் சொன்னபோது பெரியவள் வேண்டாம் என்றாள்.

"அந்த ரூம்ல நீதான் என்னை உக்கார வச்சே. இந்தத் தடவை நானாப் போய் உக்காந்துக்கறேன். அளந்த தாளைக் கண்ணால பாத்துட்டுத்தான் உக்காருவேன்" என்றாள் சின்னவள். அதன் பிறகு பெரியவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி மூச்சுப் பரிசோதனை. "நீ வரணும்னு இல்ல" என்றாள் சின்னவள். பெரியவள் வந்தாள். மூடின கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே நர்ஸ் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, அவ்வளவுதானா?" என்று ஏதோ பந்தயத்தில் மாட்டை விரட்டுகிற மாதிரி. மூன்று தடவை. பிறகு சத்தம் இல்லை. சின்னவள் கையில் தாளோடு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் ஏறியிருக்காம். முழுசாத் திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாதாம்."

பெரியவள் எழுந்தாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்ப. சின்னவள் நகரவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி உள்ளே பார்த்து, "சிஸ்டர், இவங்களுக்கும் ஒண்ணு எடுக்கணும்" என்றாள்.

"எனக்கு எதுக்குடி? எனக்கு ஒண்ணும் இல்ல."

"அந்த அட்டை அன்னைக்கு உன் கழுத்துல இருந்திருந்தா எவ்வளவு காட்டியிருக்கும்?"

அது யாருக்கும் தெரியாது. ஆய்வாளர் அளந்தது ஆபீஸ் அறையை. உள்ரூமில், மூன்று உடல்களுக்கு நடுவில், மாஸ்க் இல்லாமல் அவள் அன்று இழுத்த மூச்சுக்கு எங்கேயும் எண் இல்லை. அதற்கு முந்தின பதினெட்டு வருடத்துக்கும் இல்லை.

"உள்ள போ" என்றாள் சின்னவள்.

நர்ஸ் வயது கேட்டாள், உயரம் கேட்டாள், என்ன வேலை, எத்தனை வருடம் என்று கேட்டு எழுதினாள். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கொடுத்தாள். நன்றாக இழுத்து, ஒரே மூச்சில், நுரையீரல் காலியாகும்வரை ஊத வேண்டும். பெரியவள் இழுத்தாள். ஊதினாள். திரையில் ஒரு கோடு கிடுகிடுவென ஏறி, பாதியில் வளைந்து சாய ஆரம்பித்தது. அவளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. குழாயை எடுத்துவிடப் பார்த்தாள்.

சின்னவள் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடாதேக்கா. இன்னும் ஊது."